ஆணி டயர் நுவரெலியாவுக்குத் தேவையா?

டயரில் ஆணி ஏறினால் பிடுங்கி எறிந்துவிட்டுப் பஞ்சர் ஒட்டுவதுதான் நம்ம ஊர் வழக்கம். ஆணியோடேயே விற்கிற சைக்கிள் டயரும் உலகத்தில் இருக்கிறது. ரோட்டில் ஐஸ் படிகிற நாடுகளுக்காகச் செய்தது. ஸ்வால்பே என்கிற ஜெர்மன் கம்பனியின் மரதன் வின்டர் பிளஸ், 26 இன்ச் 1.75 சைஸ், அதில் ஒரு சோடி இந்தக் குளிருக்கு என் சைக்கிளில் ஓடியது. பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: நம்ம பக்கத்துக்கு இது சரிவருமா? சரிவராது. ஆனால் ஏன் சரிவராது, அதற்குப் பதிலாக என்ன போடலாம் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் நுவரெலியாவில் வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிப்போகிற வேலை செய்கிறேன். கந்தப்பளை, இராகலை, லபுக்கலை, அம்பேவெல, பட்டிபொல, இதுதான் என் சுற்று. விடியற்காலை இருட்டோடு கிளம்ப வேண்டி வரும். வருகிறவர் பனிமூட்டத்தில் தேயிலை மலையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு வருவார், நான் அவருடைய முன் டயரைப் பார்த்துக்கொண்டு வருவேன். அவர் வழுக்கி விழுந்தால் அன்றைய கூலி மட்டுமல்ல, அடுத்து வரவிருந்த அவருடைய கூட்டாளிகளும் போச்சு. அதனால் டயர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

டயர் வந்த கதை சுருக்கம். மாமா மகன் பின்லாந்தில் ஊலு என்ற ஊரில் படிக்கிறான். பகலில் படிப்பு, ராத்திரியில் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வட துருவ வட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிற ஊர், மைனஸ் இருபது எல்லாம் சாதாரணம். அப்படிப்பட்ட ஊரில்தான் 2013 இல் குளிர்கால சைக்கிள் ஓட்டத்துக்கென்றே முதல் சர்வதேச மாநாடு நடந்திருக்கிறது. அங்கே சைக்கிள் பாதை மட்டும் 900 கிலோமீட்டருக்கு மேல், பனி விழுந்ததும் கார் ரோட்டைப் போலவே அதையும் வழித்துவிடுகிறார்கள். வழித்த பிறகும் அடியில் அமுங்கிய பனி கண்ணாடியாகக் கிடக்கும். அதில் ரப்பர் நிற்காது. ஆணி வேண்டும்.

உலகத்தின் முதல் குளிர்கால வாகன டயர் 1934 இல் பின்லாந்தில்தான் செய்யப்பட்டது. இன்றைக்கு நோக்கியன் டயர்ஸ் என்கிற கம்பனியின் முன்னோடிகள் செய்தார்கள். நாமெல்லாம் ஒரு காலத்தில் கையில் வைத்திருந்த நோக்கியா போன் கம்பனியும் இவர்களும் முன்பு ஒரே வீட்டுப் பிள்ளைகள். மச்சான் அந்த ஊர் டயரைத்தான் முதலில் தேடினானாம். என் சைக்கிளின் சைஸுக்கு அப்போது கடையில் கிடைத்தது ஜெர்மன்காரனுடையது. தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தபோது சூட்கேஸின் அடியில் மடித்து வைத்துக் கொண்டுவந்தான். “நீ ஐஸ் விழுந்த புல்லைப் படம் பிடிச்சு அனுப்பினியே மச்சான், அதுக்குத்தான்” என்றான்.

டயரைக் கையில் வாங்கியதும் முதலில் தெரிவது பாரம். ஒன்று கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். 200 ஆணி, நாலு வரிசையில். ஒவ்வொன்றும் உளுந்துப் பருப்பு அளவுகூட வெளியில் தெரியாது. நுனியில் இருப்பது டங்ஸ்டன் கார்பைட், இரும்பை அறுக்கிற கருவிகளில் வைக்கிற அதே சாமான். விலை குறைந்த ஆணி டயர்களில் வெறும் உருக்கு ஆணி இருக்கும், தார் ரோட்டில் ஓட ஓட அது சீக்கிரமே மொட்டையாகிவிடும். வாங்குகிறவர் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான், ஆணியின் எண்ணிக்கை அதற்குப் பிறகு. நடுவில் இரண்டு வரிசை, ஓரத்தில் இரண்டு வரிசை. காற்றை இறுக்கமாக அடித்தால் ஓரத்து ஆணிகள் ரோட்டைத் தொடாது, வளைவில் சாயும்போது மட்டும் தொடும். காற்றைக் குறைத்தால் நாலு வரிசையும் பிடிக்கும். ஐஸ் இல்லாத நாளில் இறுக்கம், ஐஸ் உள்ள நாளில் தளர்வு. ரப்பரும் வேறு கலவை. சாதாரண டயர் ரப்பர் கடுங்குளிரில் விறைத்துப்போகும், இது மைனஸிலும் மிருதுவாக இருக்கும்.

இனி மாட்டுகிற கதை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத்துச் சந்தில் சைக்கிள் திருத்துகிற நானா ஒருவர் இருக்கிறார். அவருடைய பட்டறையைத் தனியாகவே பாராட்டி எழுதலாம். ஓர் ஆள் குந்தி இருக்கிற அளவு இடம், சுவரெல்லாம் தொங்குகிற பழைய செயின், ஒரு வாளித் தண்ணீர். மழை நாளில் அந்தத் தண்ணீரை மாற்ற மாட்டார், மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது. டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னா தம்பி இது, முள்ளுச் செருப்பு மாதிரி இருக்கு. யாரை மிதிக்கப் போறீங்க?”

“ஐஸை நானா.”

“நம்ம ரோட்டுல ஐஸ் எங்க இருக்கு? ஐஸ் பழம் விக்கிறவன்கிட்டதான் இருக்கு” என்றார். பகடிதான். ஆனால் அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது ஜனவரியில் தெரிந்தது.

இந்த மாதிரி டயரை மாட்டுவதில் சில விஷயங்கள் உண்டு. கையுறை இல்லாமல் தொடக்கூடாது, உள்ளங்கையைக் கிழித்துவிடும். விளிம்புக் கம்பி விறைப்பு, மடித்து வந்த டயர் வேறு, ஒரு பக்கம் உள்ளே போனால் மறுபக்கம் வெளியே வரும். நானா டியூப்பில் கொஞ்சம் காற்றை விட்டு உருண்டையாக்கி உள்ளே வைத்தார். பிறகு வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே வந்து வால்வு இருக்கிற இடத்தில் முடித்தார். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்வோம். வால்வில் தொடங்கினால் அங்கே விளிம்பு றிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறங்காது, டியூப் தடுக்கும். கடைசி இடத்தில் டயர் இறுகிப்போய் லீவர் போட்டு நெம்ப வேண்டி வரும், டியூப்பும் கடிபடும். எதிர்ப்பக்கத்தில் தொடங்கினால் விளிம்பு பள்ளத்தில் இறங்கி அமர்ந்து, கடைசியில் ஒரு விரல் அளவு தளர்வு கிடைக்கும். சவர்க்காரத் தண்ணியை விளிம்பில் தடவிவிட்டு, லீவரே இல்லாமல் பெருவிரலால் தள்ளி உள்ளே போட்டார். கடைசியில் வால்வை ஒரு தடவை உள்ளே அமுக்கி இழுத்தார், அடியில் டியூப் மாட்டிக்கொண்டிருந்தால் விடுபட்டுவிடும்.

காற்றைப் பாதி அடித்து நிறுத்தினார். டயரின் பக்கத்தில் றிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றிவரும். சக்கரத்தைச் சுழற்றி, அந்தக் கோடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று பார்த்தார். ஓரிடத்தில் கோடு உள்ளே புதைந்திருந்தால் டயர் அங்கே சரியாக அமரவில்லை, ஓடும்போது குதிக்கும். அதைக் கையால் இழுத்துச் சரிசெய்த பிறகே மீதிக் காற்று. இந்தச் சோதனையை எந்த டயருக்கும் செய்யலாம், செய்ய வேண்டும். பெரிய கடைகளில்கூட இதைச் செய்கிற பொறுமை கிடையாது.

இரண்டு தொல்லை வந்தது. காற்று நிரம்பிய டயர் பிரேக் கட்டைகளுக்கு நடுவில் நுழையவில்லை, பிரேக் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் சக்கரத்தை ஏற்ற முடிந்தது. முன் மட்காட்டில் ஆணி உரசி, அதைத் தூக்கிக் கட்ட வேண்டியிருந்தது. 47 மில்லிமீட்டர் அகல டயர் என்றால் ஆணியையும் சேர்த்து இரண்டு பக்கமும் விரல் போகிற இடைவெளி, சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க்கில் (கவட்டில்) இருக்க வேண்டும். வாங்குமுன் அளந்து பாருங்கள்.

பழக்கு ஓட்டம் என்றும் ஒன்று இருக்கிறது. புது ஆணி ரப்பருக்குள் நன்றாகக் குடியிருக்க, முதல் 40 கிலோமீட்டர் தார் ரோட்டில் நிதானமாக ஓட்டச் சொல்கிறது கம்பனி. திடீர் பிரேக் கூடாது, எழுந்து நின்று மிதிக்கக்கூடாது, செய்தால் ஆணி கழன்றுவிடும். பின்லாந்தில் இது சுலபம், ஊலு தட்டையான ஊர். இங்கே நாற்பது கிலோமீட்டர் பிரேக் பிடிக்காமல் எங்கே ஓட்டுவது? தலவாக்கலைப் பக்கம் இறங்கினால் கை பிரேக்கை விட்டு எடுக்க முடியாது, லபுக்கலைப் பக்கம் இன்னும் மோசம். கடைசியில் கிரகரி வாவியைச் சுற்றிச் சுற்றி ஓட்டித்தான் பழக்கினேன். தார் ரோட்டில் அது போடுகிற கரகர சத்தம் இருக்கிறதே, குதிரைச் சவாரிக்காரன் குதிரையை ஓரம் கட்டினான். நாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, ஐஸுக்கு வருவோம். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் பூப்பனி விழுவது எல்லாருக்கும் தெரியும். பேப்பரில் படம் வரும், கொழும்பிலிருந்து வேன் வேனாக வருவார்கள். அந்த விடியலில் வெப்பமானி மூன்று நாலு பாகை காட்டும், சைபருக்குக் கீழே போவது அபூர்வம். பிறகு புல் எப்படி வெள்ளையாகிறது? மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் புல்லும் தேயிலைக் கொழுந்தும் தங்கள் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய அந்த ஒரு முழ உயரம் மட்டும் சைபருக்குக் கீழே இறங்கும். நம் தலை உயரத்துக் காற்று இறங்காது. தோட்டத்துக்காரர்கள் பயப்படுவதும் அந்தக் குளிருக்குத்தான், வெயில் ஏறியதும் கொழுந்து கருகிப்போகும். தார் ரோடோ பகல் முழுக்க வாங்கிய வெயிலை உள்ளே வைத்துக்கொண்டு ராத்திரி பூராவும் மெதுவாக விடுகிறது. அதனால் ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் ரோடு வெறும் ஈரம்.

அதாவது என் ஆணி டயருக்கு வேலை புல்லில்தான் இருந்தது. அம்பேவெலப் பக்கம் பள்ளத்தாக்கில் குளிர் தேங்கி நிற்கிற இடம் ஒன்று எனக்குத் தெரியும். வானம் தெளிந்திருந்த ஒரு விடியலில் அங்கே போனேன். பூப்பனி படிந்த புல்லில் ஆணி டயர் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பக்கத்தில் வந்த தம்பி சாதாரண முட்டு டயரில், அதாவது ரப்பர் கட்டை கட்டையாகத் துருத்தி நிற்கிற டயரில், அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தான். புல்லில் படிவது மெல்லிய பொடி, டயர் ஏறியதும் நொறுங்கி ஈரப் புல்லாகிவிடுகிறது. ஆணி பிடிக்கிற மாதிரி கெட்டி ஐஸ் கிடையாது.

ஓரிடத்தில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. மரக்கறித் தோட்டத்துக்குப் போகிற வழியில் ஓடைக்கு மேலே நாலு பலகை போட்ட பாலம். அடியில் சூடு தருவதற்கு மண் இல்லை, இரண்டு பக்கமும் குளிர் காற்று. பலகை முழுக்க வெள்ளைப் பூச்சு, நேற்றைய ஈரத்தின் மேல் உறைந்து கொஞ்சம் கெட்டியாகவே இருந்தது. தம்பி செருப்புக் காலை வைத்துப் பார்த்தான், சர்ரென்று போனது. நான் காற்றைக் குறைத்துவிட்டு ஏறினேன். ஆணி மரத்தில் இறங்குகிற சத்தம் டொக் டொக்கென்று கேட்டது. நடுவில் நிறுத்தி, ஹேண்டிலைத் திருப்பி, பிரேக் பிடித்து, என்னென்னவோ செய்து பார்த்தேன். டயர் அசையவில்லை. அந்த நேரத்தில்தான் மச்சானின் ஊரில் ஆட்கள் மைனஸ் இருபதில் எப்படி வேலைக்குப் போகிறார்கள் என்பது புரிந்தது. செய்ததை நன்றாகத்தான் செய்திருக்கிறான் ஜெர்மன்காரன். பாலத்தின் நீளம் மூன்று எட்டு. ஏழு மணிக்கு வெயில் ஏறியதும் பலகை நனைந்த மரமாகிவிட்டது.

அதோடு அன்றைய ஐஸ் முடிந்தது, இனி வீடு திரும்ப வேண்டும், தார் ரோட்டில். இதுதான் முக்கியமான பகுதி. ஈரத் தாரில் ஆணி டயர் சாதாரண டயரை விட மோசம். காரணம் சிக்கலானது இல்லை: தாரில் இருக்கிற கல்லும் கெட்டி, கார்பைடும் கெட்டி, ஒன்றுக்குள் ஒன்று இறங்காது. ரப்பர்தான் கல்லின் மேடு பள்ளத்தைக் கவ்விப் பிடிக்கும், ஆணியோ ரப்பரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது. இது எந்தக் கம்பனியின் குறையும் அல்ல, ஆணி வைத்த எல்லா டயருக்கும் பொது. நேரே ஓடும்போது தெரியாது. கந்தப்பளை இறக்கத்தில் ஈரமான வளைவில் சாய்க்கும்போது சக்கரம் மெல்ல வெளியே நகர்வது கைக்குத் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தேன். வெளிநாட்டு விருந்தாளியை அந்த டயரில் அந்த வளைவில் விடமாட்டேன்.

பாசி பிடித்த கொங்கிரீட் பாதை இன்னொன்று. லயத்துக்கு ஏறுகிற பாதைகளில் வெயில் படாத திருப்பம் எல்லாம் பச்சையாக இருக்கும், நடந்து போகிறவர்களே கானுக்குள் விழுந்திருக்கிறார்கள். இதில் ஆணி கொஞ்சம் உதவியது, மெதுவாக ஏறும்போது மட்டும். பாசியைக் கீறிக்கொண்டு அடியில் பிடிக்கிறது. வேகமாக இறங்கினால் அந்தப் பிடி போதாது. களிமண்ணில் ஒரு பிரயோசனமும் இல்லை. உருளைக்கிழங்குத் தோட்டத்துக் கறுப்பு மண் டயரின் பள்ளங்களை நிரப்பி ஆணியையும் மூடிவிட்டது, பிறகு குச்சியால் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம்ம ரோட்டில் உண்மையில் ஆளைக் கவிழ்ப்பவை வேறு. லொறியிலிருந்து கொட்டிய கோவா இலையும் லீக்ஸ் தாளும், மிதிபட்டு மிதிபட்டுக் கூழாகிக் கிடக்கும். வளைவில் பஸ் சிந்திய டீசல், மழைத் தூறலில் வானவில் நிறம் காட்டும். டர்பன்டைன் மரத்து இலை. ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடு. பட்டிபொலப் பக்கம் ரயில் தண்டவாளம், அதை எப்போதும் நேர்குறுக்காகவே கடக்க வேண்டும், சரிவாகக் கடந்தால் முன் சக்கரம் தண்டவாளத்தோடு போய்விடும். நீண்ட மழைக்குப் பிறகு முதல் தூறல் விழுகிற நேரமும், நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் மழையும் ஒன்றல்ல. இரண்டாவதுதான் ஆபத்து, மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் மேலே வரும். ஏப்ரல் சீசனில் வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இவை எதற்கும் ஆணி மருந்து இல்லை. மிருதுவான ரப்பர், அகலமான டயர், குறைந்த காற்று, இந்த மூன்றும்தான் மருந்து.

டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் சைஸை ஒழுங்காகப் படியுங்கள். ஜப்பான் பழைய சைக்கிள் இறக்குமதியாகி ஊரெல்லாம் ஓடுகிறது. அதிலும் 26 என்று எழுதியிருக்கும், மலைச் சைக்கிளிலும் 26 என்றே எழுதியிருக்கும். இரண்டும் வேறு. ஜப்பான் சைக்கிளின் 26க்கு ஒன்றேகாலே அரைக்கால் டயர், அதாவது பின்னத்தில் 1 3/8 என்று போட்டிருப்பது, 590 மில்லிமீட்டர் றிம்முக்கு. மலைச் சைக்கிளின் 1.75, 1.95, 2.10 என்று புள்ளி வைத்து எழுதியது 559 றிம்முக்கு. 31 மில்லிமீட்டர் வித்தியாசம், ஒன்றில் மற்றதை எந்த நானாவாலும் மாட்ட முடியாது. பழைய பெரிய 28 இன்ச் சைக்கிளுக்கு 635, இப்போது வருகிற 29 இன்ச்சுக்கு 622. டயரின் பக்கத்தில் 47-559 என்று கோடு போட்டு ஒரு எண் இருக்கும், முதலாவது அகலம், இரண்டாவது றிம். கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்த இரண்டாவது எண்ணையே நம்புங்கள்.

அடுத்தது பட்டன், அதாவது டயரின் மேலே இருக்கிற மேடு பள்ளம். ஈரத் தாரில் சைக்கிள் டயரின் பட்டனுக்குப் பெரிய வேலை இல்லை. கார் டயர் அகலமானது, வேகத்தில் தண்ணீரின் மேல் மிதக்கும், அதனால் தண்ணீர் வெளியேறப் பள்ளம் வேண்டும். சைக்கிள் டயர் அவ்வளவு ஒடுக்கம், தண்ணீரைத் தானே வெட்டிக்கொண்டு போய்விடும். தாரில் பெரிய முட்டு டயர் போட்டால் முட்டுகள் வளைந்து நெளிவதுதான் மிச்சம். நடுவில் நெருக்கமான சின்னப் பட்டன், ஓரத்தில் தடித்த முட்டு உள்ள டயர்தான் நமக்குத் தோது. தாரிலும் ஓடும், தோட்டத்துப் பாதையில் சாயும்போதும் பிடிக்கும். முழுநாளும் மரக்கறித் தோட்டத்துக்குள்ளேயே ஓடுகிறவர் மட்டும் முட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கிற டயரைப் பார்க்கலாம், அப்போதுதான் சேறு உதிரும்.

ரப்பரை நகத்தால் அமுக்கிப் பாருங்கள். தடம் விழுந்து மெல்ல மறைய வேண்டும். டவுனில் ஒரு கடையில் எனக்குக் காட்டிய டயர் பார்வைக்குப் புதுசு, உறைகூடக் கிழியவில்லை, நகம் வழுக்கிக்கொண்டு போனது. மடித்துப் பார்த்தால் பக்கத்தில் மயிர் போல வெடிப்பு. வருஷக்கணக்காகக் கூரைத் தகரத்துக்குக் கீழே சூட்டில் தொங்கியிருக்க வேண்டும். “பிராண்ட் நியூ தம்பி” என்றார் முதலாளி. வாங்காமல் வந்துவிட்டேன். நம்ம நாட்டில் செய்கிற டீஎஸ்ஐ டயரே இந்த வேலைக்குத் தாராளம், விற்பனை ஓடுகிற கடையில் வாங்கினால் சரக்குப் புதிதாக இருக்கும். மச்சான் ஐம்பது அறுபது யூரோ என்று சொன்ன ஒரு ஆணி டயரின் காசுக்கு இங்கே நாலைந்து டயர் எடுக்கலாம். இப்போது என் வாடகைச் சைக்கிள்களில் ஓடுவது 26 இன்ச் 1.95 உள்ளூர் டயர்தான்.

காற்றுக்கு வருகிறேன், இதில்தான் நான் எல்லாரோடும் சண்டை போடுவேன். பெற்றோல் ஷெட்டில் கல் மாதிரி அடித்துவிட்டு ஓட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வெயிலில் சரி, மழையில் கூடாது. என் எடை 65 கிலோ. 1.95 டயருக்குக் காய்ந்த ரோட்டில் 45 பிஎஸ்ஐ அடிப்பேன், மழையில் பின்னால் 35, முன்னால் 30. பெருவிரலால் அழுத்தினால் டயர் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். தரையில் படுகிற ரப்பர் கூடும், கூழாங்கல்லில் குதிக்காமல் ஏறி இறங்கும். இதற்கும் கீழே போனால் குழியில் விழும்போது றிம் டியூப்பைக் கடித்துப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டுவிடும். எடை கூடியவர்கள் ஐந்தாறு கூட்டிக்கொள்ளுங்கள். ஏறுகிற வழியில் டயர் இழுக்கிற மாதிரித் தெரியும், கந்தப்பளை ஏற்றத்தில் சாபம் போடுவீர்கள். இறங்கும்போது, போட்ட சாபத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வீர்கள்.

காசு ஒரு நல்ல டயருக்குத்தான் இருக்கிறது என்றால் அதை முன்னால் போடுங்கள். இதை மச்சானும் சொன்னான், அங்கே காசில்லாத மாணவர்கள் முன் சக்கரத்துக்கு மட்டும் ஆணி டயர் வாங்குவார்களாம். “பின்னுக்கு வழுக்கினா காலை ஊன்டிச் சமாளிக்கலாம் மச்சான். முன்னுக்கு வழுக்கினா தரையிலதான் யோசிக்கணும்” என்றான். இங்கே எல்லாரும் செய்வது நேர்மாறு. பின் டயர் சீக்கிரம் தேயும், புதுசை அங்கே போட்டுவிட்டு முன்னால் வழுக்கை டயரோடு ஓடுவார்கள். புதுசை முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னால் மாற்றுங்கள். இரண்டு டயரும் தேறினாலும் பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் எல்லாம் வீண். ஈர றிம்மில் முதல் சுற்றுக்குக் கட்டை தண்ணீரைத்தான் துடைக்கும், இரண்டாவது சுற்றில்தான் பிடிக்கும், அதையும் கணக்கில் வைத்து வளைவுக்கு முன்பே தொடுங்கள்.

ஆணி டயரைப் பெப்ரவரிக் கடைசியில் நானாவிடம் கழற்றினேன். ஆணிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, ரப்பரில் தேய்மானம் பெரிதாக இல்லை. பழைய தினகரன் பேப்பரில் சுற்றி, அடுப்புக்குத் தூரமாக, இருட்டான இடத்தில் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொண்டுபோகச் சொன்னால் மச்சான் சூட்கேஸில் இனி இடமில்லை என்கிறான், மாமி கட்டிக்கொடுத்த மாசித் தூளும் தேயிலையும் போதாதாம். ஜனவரியில் அம்பேவெலப் பக்கம் பூப்பனிப் படம் எடுக்கப் போகிறவர்கள், பின்லாந்து, நோர்வே, கனடா என்று படிக்கப் போகிறவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், படம் எடுப்பவர்களுக்கு இரவல், படிக்கப் போகிறவர்களுக்குச் சும்மாவே தருகிறேன். றிம் 559 ஆக இருக்க வேண்டும். வரும்போது கையுறை கொண்டுவாருங்கள்.